ஏலம்னா எந்த ஏலம்? ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம் எழுதுறதுல மாட்டிக்கிட்டேன்

#1 மெட்டுப்பாதை (போடி)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

எங்க தெருவுல பாதிப் பேருக்கு மலையில ஏலத்தோட்டம். மீதிப் பேர் அந்தக் காயை வாங்கி விக்கிறவங்க. சித்தப்பா மகன் கடைக்காக வாட்ஸாப்ல ஒரு ஏஜென்ட் (ஏஐ மாடலை வச்சு, கேட்ட வேலையத் தானே செய்ற புரோகிராம்) கட்டிக்கிட்டு இருக்கேன். தோட்டக்காரங்க தமிழ்ல கேப்பாங்க, சில பேர் மலையாளம் கலந்து கேப்பாங்க. அது விலை சொல்லணும், லாட் (ஏலத்துக்கு விடுற சரக்குத் தொகுதி) பதியணும், பணம் வந்துச்சான்னு பாத்துச் சொல்லணும். இதுக்கெல்லாம் மாடல் கூப்பிடுற ஃபங்ஷன், அதாவது டூல், மொத்தம் 11. ரெண்டு கம்பெனி மாடலும் போட்டுப் பாத்தாச்சு, ரெண்டும் ஒரே மாதிரிதான் சொதப்புது.

போன வாரம் சாந்தம்பாறைப் பக்கம் தோட்டம் வச்சிருக்கிற ஒரு பெரியவர், "தம்பி, மேக்காட்டுல ஒரு ஏக்கர் சும்மா கெடக்கு, ஏலம் போடலாமா?"ன்னு குரல் செய்தி அனுப்பியிருக்காரு. ஏஜென்ட் அவரோட கணக்கைத் தொறந்து, இருப்புல இருந்த 80 கிலோ காயை அடுத்த ஏலத்துக்குப் பதிஞ்சிருச்சு. "தங்கள் சரக்கு பதிவு செய்யப்பட்டது, நன்றி"ன்னு பவ்யமா பதில் வேற. மனுசன் கேட்டது அந்த ஏக்கர்ல ஏலச்செடி வைக்கலாமான்னு.

நல்லவேளை, அந்தப் பதிவு எங்க நோட்டோட நின்னுச்சு, ஏல மையத்துக்குப் போகல. போயிருந்தா பெரியவர் மலையை விட்டு எறங்கி வந்திருப்பாரு.

என் டூல் விளக்கம் எல்லாம் இந்த லட்சணத்துலதான் இருக்கு. (பேரு ஆங்கில எழுத்துல வச்சிருக்கேன், இங்க தமிழ்ல எழுதுறேன்.)

கெட்_ஏலம்: "ஏலம் விவரம் தரும்."
ஆட்_ஏலம்: "ஏலம் சேர்க்கும்."
கெட்_பிரைஸ்: "விலை தரும்."
ஸ்டோர்_ஸ்டேட்டஸ்: "ஸ்டோர் நிலை."

மாடல் முட்டாளா, நான் முட்டாளா? கூச்சப்படாம சொல்லுங்க.

#2 காக்கநாட்டுக் கம்பத்தான்

நீங்கதான் அண்ணே. கோவிச்சுக்காதீங்க, ஆறு மாசம் முன்னாடி நானும் அங்கதான் நின்னேன்.

உங்க ஃபங்ஷனுக்குள்ள என்ன எழுதியிருக்கீங்கன்னு மாடல் ஒரு வரி கூடப் பாக்காது. டூலோட பேர், விளக்கம், என்னென்ன உள்ளீடு வேணும்னு சொல்ற ஜேசன் ஸ்கீமா, இந்த மூணு மட்டும்தான் அதுகிட்டப் போகும். 2023 ஜூன்ல ஓப்பன்ஏஐ ஃபங்ஷன் காலிங் கொண்டு வந்தப்பவும் இப்படித்தான், 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் எம்.சி.பி. (டூலை மாடலோட இணைக்கிற பொது நெறிமுறை) வெளியிட்டப்பவும் இப்படித்தான். அந்த மூணுல இல்லாத எதுவும் மாடலுக்குத் தெரியாது. "ஏலம் சேர்க்கும்"னு எழுதினா அது எங்கிட்டுச் சேக்கும்? பெரியவர் "போடலாமா"ன்னு கேட்டாரு, உங்ககிட்ட "ஆட்"னு ஒரு டூல் இருந்துச்சு. போட்டுருச்சு.

ஆந்த்ரோபிக் தன்னோட ஆவணத்துலயே சொல்லுது: டூல் நல்லா வேலை செய்றதுக்கு மத்த எல்லாத்தையும் விட விளக்கம்தான் முக்கியம், ஒவ்வொரு டூலுக்கும் குறைஞ்சது மூணு நாலு வாக்கியமாவது எழுதுங்கன்னு. நாம ரெண்டு சொல்லுல முடிக்கிறோம். கோடு எழுதப் பத்து நாள், விளக்கம் எழுதப் பத்து நிமிசம்.

ஆட்_ஏலத்துக்கு நான் எழுதினா இப்படி இருக்கும்:

"உலர்ந்து தயாராக இருக்கும் ஏலக்காயை, வரப்போகும் விற்பனைக்கான லாட்டாகப் பதிவு செய்யும். தோட்டக்காரர் எத்தனை கிலோ, எந்த மையம் என்று தானே தெளிவாகச் சொல்லி, பதியச் சொன்னால் மட்டும் இதைக் கூப்பிடு. 'ஏலம் போடலாமா', 'இப்ப குடுக்கலாமா' என்பவை கேள்விகள், அவற்றுக்கு இதைக் கூப்பிடாதே. ஏலச்செடி நடுவது பற்றிய பேச்சுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பேச்சில் நிலம், ஏக்கர், நாற்று என்ற சொற்கள் வந்தால் அது நடவு பற்றியதாக இருக்கலாம், எது என்று கேட்டுத் தெரிந்துகொள்."

அந்த "கூப்பிடாதே" வரியை நிறையப் பேரு எழுதுறதே இல்ல. ஒரு டூல் என்ன செய்யும்னு சொன்னா பாதிதான் சொன்ன மாதிரி. பக்கத்து டூலோட அது எங்க பிரியுதுன்னும் எழுதணும். வயலுக்கு வரப்பு வெட்டுற வேலைதான் இது.

இன்னொண்ணு: பேரை மாத்துங்க. மலையிலயும் அடிவாரத்துலயும் ஏலம்னா செடியும் அதுதான், காயும் அதுதான், விலை கூவி விக்கிறதும் அதுதான். நம்ம பாஷை வச்ச பொறி. பேருக்குள்ள "ஏலம்"ங்கிற சொல்லே வேண்டாம். லாட்_பதிவு, விற்பனை_முடிவு, நடவு_ஆலோசனை இப்படி வைங்க.

#3 எல்லாம் சரியாப்போகும்

இவ்ளோ மெனக்கெடணுமா? அடுத்த மாடல் வந்தா தானா புரிஞ்சுக்கும். போன வருசம் கையால எழுதினதெல்லாம் இந்த வருசம் தேவையில்லாமப் போச்சு. சும்மா டோக்கனை (மாடல் எழுத்தை வெட்டி எண்ணுற துண்டு, காசு அந்தக் கணக்குலதான்) வீணாக்காதீங்க, அதுவும் தமிழ்ல. விளக்கத்தை ரெண்டு வரி இங்கிலீஷ்ல எழுதிட்டு அடுத்த வேலையப் பாருங்க.

#4 வண்டன்மேட்டுக் கணக்கு

எனக்குக் கோடு தெரியாது. முப்பது வருடம் ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதியவன், மகன் இந்த இழையைக் காட்டினான். ஒரு கேள்வி கேட்கலாமா?

தம்பி, "விலை தரும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த விலை?

நறுமணப் பொருள் வாரியம் ஒவ்வொரு ஏலத்துக்கும் வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். ஏலம் நடத்தியவர், லாட் எண்ணிக்கை, வந்த சரக்கு எத்தனை கிலோ, விற்ற சரக்கு எத்தனை கிலோ, கிலோவுக்கு உச்ச விலை, சராசரி விலை. வந்ததும் விற்றதும் ஒன்றல்ல. உச்சமும் சராசரியும் ஒன்றே அல்ல. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏல மையத்தில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. மலை முழுவதும் "ஏழாயிரம், ஏழாயிரம்" என்று பேச்சு. அந்த விலைக்குப் போனது பொறுக்கி எடுத்த காய். சராசரி அதற்கு வெகு கீழே. அந்த வாரம் ஊரில் எத்தனை சண்டை என்று எனக்குத்தான் தெரியும். "பேப்பரில் ஏழாயிரம் போட்டிருக்கிறான், நீ என்ன பாதி தருகிறாய்" என்று வியாபாரியின் சட்டையைப் பிடித்தவர்கள் உண்டு. உங்கள் இயந்திரம் உச்ச விலையை "இன்றைய விலை" என்று சொன்னால் சித்தப்பா மகனின் சட்டைக்கு ஆபத்து.

பிறகு "ஸ்டோர் நிலை". எங்கள் தோட்டங்களில் ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் கட்டடம். பச்சைக்காயை உள்ளே விட்டு, சூடு கொடுத்து, உலர்ந்த காயாக எடுப்போம். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காய் ஆகும். "ஸ்டோரில் நானூறு கிலோ கிடக்கு" என்று ஒருவர் சொன்னால் அது பச்சையா காய்ந்ததா என்று கேட்காமல் நான் நோட்டில் எழுதியதே இல்லை. உங்கள் ஸ்டோர் எது? உலர்த்தும் கட்டடமா, கடைக் கிடங்கா, அல்லது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஏதாவதா?

#5 மெட்டுப்பாதை (போடி)

ஐயா, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிறதுதான். டேட்டாபேஸ் ஓடுதான்னு பாக்குற டூல் அது. அதை ஏன் ஏஜென்ட் கையில குடுத்தேன்னு இப்ப யோசிக்கிறேன். தூக்கிட்டேன். போன மாசம் ஒரு அக்கா "ஸ்டோர்ல காய் காஞ்சிருச்சா"ன்னு கேட்டதுக்கு "ஸ்டோர் நன்றாக இயங்குகிறது"ன்னு பதில் போனதுக்கு இப்பத்தான் காரணம் புரியுது.

விலை விசயத்துல எனக்கே பதில் தெரியல. கெட்_பிரைஸ் உச்ச விலையைத்தான் தந்துக்கிட்டு இருந்திருக்கு. அது ஏன்னா நான் பட்டியல்ல இருந்து எந்தக் கட்டத்தை எடுத்தேனோ அது. தெரிஞ்சு எடுக்கல, கண்ணுல பட்டது. நேத்து சாயங்காலம் மூணு தோட்டக்காரங்களுக்குப் போன் போட்டு "விலை என்னன்னு கேட்டா நீங்க எதைக் கேக்குறீங்க"ன்னு கேட்டேன். ரெண்டு பேர் சராசரின்னாங்க. மூணாவது ஆள் சிரிச்சிட்டு, "என் லாட் என்ன விலைக்குப் போச்சுன்னு கேக்குறேன்டா, ஊர் விலை எனக்கெதுக்கு"ன்னாரு. அப்படி ஒரு டூலே எங்கிட்ட இல்ல!

#6 காக்கநாட்டுக் கம்பத்தான்

ஐயா (#4), உங்க பதிவை எங்க டீமுக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன்.

#3 சொன்னதுக்கு வர்றேன். மாடல் நல்லா ஆகும், சரிதான். ஆனா மெட்டுப்பாதை அண்ணன் பட்டியல்ல எந்தக் கட்டத்தை எடுத்தாருன்னு எந்த மாடலும் ஊகிக்க முடியாது. அது அறிவுக் குறைவு இல்ல, தகவல் குறைவு. வண்டன்மேட்டு ஐயாவையே உக்கார வச்சு "விலை தரும்"னு ஒரு சீட்டு நீட்டினாலும் அவருக்கும் தெரிஞ்சிருக்காது. அவர் கேட்டாரு. மாடல் கேக்காமப் போயிருச்சு, அதுதான் வித்தியாசம்.

டோக்கன் கதை பாதி உண்மை. முன்னாடி தமிழ் ரொம்பச் செலவு. 2024 மே மாசம் ஜிபிடி-4ஓ மாடல் வந்தப்ப ஓப்பன்ஏஐ ஒரு ஒப்பீடு போட்டுச்சு: ஒரே தமிழ் வாசகம் பழைய முறையில 116 டோக்கன், புதுசுல 35. இன்னமும் ஆங்கிலத்தை விட அதிகம்தான். ஆனா ஒரு தடவை தப்பா 80 கிலோ பதிஞ்சு, அதை அழிச்சு, பெரியவர்கிட்ட மன்னிப்புக் கேக்குற செலவோட பாத்தா எது பெருசு?

நான் செய்றது கலவை. டூல் பேரு ஆங்கில எழுத்துலதான் வைக்கணும், வேற வழி இல்ல, ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக் ஏபிஐ ரெண்டும் பேருல ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு தவிர எதையும் ஏத்துக்காது. விளக்கத்தோட உடம்பு ஆங்கிலத்துல இருந்தாலும் சரி. ஆனா ஜனங்க வாயில வர்ற சொல்லை அப்படியே தமிழ்ல உள்ள வைக்கணும். "ஏலம் போடலாமா"வை மொழிபெயர்த்து வச்சா அந்தக் குழப்பமே காணாமப் போயிரும், மாடலுக்கு எதுக்காக எச்சரிக்கிறோம்னே தெரியாது.

அப்புறம், மதிப்புகளைத் தமிழ்ல வைக்கிறவங்க கவனிங்க. மையம் எதுன்னு ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஈ-நம் (அனுமதிச்ச மதிப்புகளோட பட்டியல்) வச்சேன் (சேத்து எழுதினா "ஈனம்" ஆயிருது, அதான் கோடு). "புத்தடி", "போடி". புத்தடி எப்பவும் சரியா வேலை செஞ்சது. போடி மட்டும் அப்பப்ப "இல்லாத மையம்"னு பிழை. ரெண்டு நாள் மண்டையைப் பிச்சுக்கிட்டேன். கடைசியில பாத்தா, "போ"வுல இருக்கிற ஓகாரக் குறியை யூனிகோட்ல ஒரே குறியாவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால்னு ரெண்டாப் பிரிச்சும் எழுதலாம். கண்ணுக்கு ஒண்ணுதான். ஒப்பிடும்போது வேற வேற. எங்க மையப் பட்டியல் பழைய பாமினி எழுத்துருக் கோப்புல இருந்து மாத்தினது, அதுல பிரிஞ்சு கெடந்துச்சு. ஒப்பிடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கினா தீந்துரும். இப்ப நான் மதிப்புகளை ஆங்கிலக் குறியீடா வச்சுட்டு, "போடி, போடிநாயக்கனூர் என்று சொன்னால் இது", "புத்தடி, புற்றடி என்று சொன்னால் இது"ன்னு விளக்கத்துல எழுதிடுறேன். ரகத்துக்கும் அப்படித்தான். ஞள்ளானிய நம்மாளுங்க எழுதுற விதத்துக்குக் கணக்கே இல்ல.

#7 சித்தூர் ஆத்தோரம்

நான் பாலக்காட்டுச் சித்தூருங்க, ஆந்திராச் சித்தூர் இல்லீங்க. இதைச் சொல்லியே என் பாதி ஆயுசு போச்சு, இப்ப ஏஜென்ட்டுக்கும் சொல்ல வேண்டியதாப் போச்சு.

எங்க ஊர்ப்பக்கம் ஒரு குடிதண்ணிக் குழுவுக்கு இது மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்தேனுங்க. வெள்ளப் பாதிப்பைப் பதிய ஒரு டூல், குழாய் புகாருக்கு ஒரு டூல். முதல் டூலுக்கு "வெள்ளம் பற்றிய புகாரைப் பதியும்"னு எழுதி வச்சேன். இங்க பாதிச் சனம் வீட்டுல தமிழ், வெளிய மலையாளம். ஒரு அம்மா "ரெண்டு நாளா வெள்ளம் வரலே"ன்னு அனுப்பிச்சாங்க. மலையாளத்துல வெள்ளம்னா தண்ணி. ஏஜென்ட் அதை வெள்ளப் பாதிப்புல பதிஞ்சு, "வெள்ளம் வராதது மகிழ்ச்சி, பாதுகாப்பாக இருங்கள்"னு பதில் போட்டுச்சுங்க. கோடை காலத்துல, குடத்தோட நிக்கிறவங்ககிட்ட!

"பனி"யும் அதே மாதிரிங்க. நமக்கு மார்கழிப் பனி, அவங்களுக்குக் காய்ச்சல். "குட்டிக்குப் பனி"ன்னா பிள்ளைக்குக் காய்ச்சல்னு அர்த்தம். வானிலை டூல் ஓடிப்போயி நாளைக்கு எத்தனை டிகிரின்னு சொல்லும்.

இப்ப ரெண்டு விளக்கத்துலயும் ஒரு வரி சேத்திருக்கேனுங்க: "பயனர் மலையாளம் கலந்து பேசுபவராக இருக்கலாம். 'வெள்ளம்' என்பது குடிநீராகவும் இருக்கலாம், பெருக்காகவும் இருக்கலாம். 'வரல, கிடைக்கல, குழாய், டேங்க்' என்ற சொற்கள் கூட வந்தால் குடிநீர். 'ஏறுது, வீட்டுக்குள்ள, ஆத்துல' என்று வந்தால் பெருக்கு. இரண்டும் இல்லாவிட்டால் கேள்." நூத்துக்கு நூறு சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த அம்மா மாதிரி யாரும் அப்புறம் திட்டலீங்க.

#8 நகரி எல்லை

நாங்கள் அந்தச் சித்தூர் மாவட்டத்துப் பக்கம்தான், வணக்கம். :) நகரியில் வீட்டுக்கு வீடு தமிழும் தெலுங்கும்.

எங்களுக்குச் சிக்கல் தலைகீழ். உங்களுக்கு ஒரு சொல்லுக்குப் பல பொருள், எங்களுக்கு ஒரு பொருளுக்குப் பல பெயர். மாங்காய் மண்டிக்கு டூல் எழுதினேன். தோத்தாபுரி என்று ஒருவர், பெங்களூரா என்று ஒருவர், கிளிமூக்கு என்று திருத்தணிப் பக்கத்துக்காரர். எல்லாம் ஒரே காய். ஏஜென்ட் "கிளிமூக்கு என்ற ரகம் பட்டியலில் இல்லை" என்று மூன்று லோடு மாங்காயைத் திருப்பி அனுப்பப் பார்த்தது. பெயர்களை எல்லாம் உள்ளீட்டின் விளக்கத்தில் எழுதி வைத்தேன், தீர்ந்தது. டூலின் தலை விளக்கத்தில் அல்ல, அந்தக் குறிப்பிட்ட உள்ளீட்டின் விளக்கத்தில். பலர் அந்த இடத்தை வெறுமையாக விடுகிறார்கள்.

#9 எல்லாம் சரியாப்போகும்

சரி சரி, வாபஸ். ஆனா ஒண்ணு, இப்படி எழுதிக்கிட்டே போனா ஒவ்வொரு டூலுக்கும் ஒரு புராணம் ஆகும். 11 டூலுக்கும் புராணம் எழுதினா மாடல் பெரியவரோட கேள்வியவே மறந்துரும்.

#10 காக்கநாட்டுக் கம்பத்தான்

இது நியாயமான பேச்சு. நீளம்ங்கிறது நல்ல விளக்கத்துக்கு அடையாளம் இல்ல. குழப்பம் எங்க இருக்கோ அங்க மட்டும் நீட்டணும். பணம் வந்துச்சான்னு பாக்குற டூலுக்கு ரெண்டு வரி போதும், யாரும் அதை வேற எதோடயும் குழப்பிக்க மாட்டாங்க. டூல் எண்ணிக்கையவும் குறைக்கலாம். ஒரே நேரத்துல 20க்குக் கீழ வச்சுக்கோங்கன்னு ஓப்பன்ஏஐ சொல்லுது. என் அனுபவத்துல அதுல பாதியே நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஜாஸ்தி.

ஆனா அளவு, அலகு விசயத்துல கஞ்சத்தனம் கூடாது. ஒரு உதாரணம் சொல்லிட்டுப் போறேன். அணை நீர்மட்டம் சொல்ற டூல் ஒண்ணு செஞ்சேன், கம்பத்துல விவசாயம் பாக்குற மாமாவுக்காக. "அணையின் நீர்மட்டத்தை அடியில் தரும்." அலகு கூட எழுதியிருக்கேன் பாருங்க, பெருமை வேற. மாமா கேட்டாரு: "பெரியாறு, இடுக்கி, வைகை மூணுல எதுல தண்ணி ஜாஸ்தி இருக்கு?" ஏஜென்ட் மூணு எண்ணையும் வாங்கி, இடுக்கியில மத்ததை விடப் பதினஞ்சு மடங்குக்கு மேல தண்ணி இருக்குன்னு அடிச்சு விட்டுச்சு.

ஏன்னா முல்லைப் பெரியாறுல 142 அடின்னு நாம சொல்றது அந்த அணையோட சொந்த அளவுகோல். 2014ல உச்ச நீதிமன்றம் அனுமதிச்ச அந்த 142 கம்பத்துல சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வைகையோட முழுக் கொள்ளளவு 71 அடியும் அப்படித்தான். இடுக்கிக்குச் சொல்ற 2,403 அடி கடல் மட்டத்துல இருந்து. மூணும் அடிதான். ஆனா எங்கேருந்து எண்ண ஆரம்பிச்சாங்கங்கிறது வேற. தவிர, மட்டத்தை வச்சுத் தண்ணி அளவைச் சொல்லவே முடியாது, ரெண்டும் வேற விசயம். போதாக்குறைக்குத் திறந்து விடுற தண்ணிய நம்ம பக்கம் விநாடிக்கு இத்தனை கன அடிம்பாங்க, கேரளாவுல கன மீட்டர்ம்பாங்க. ஒரு கன மீட்டர் 35.3 கன அடி. இதை மறந்துட்டு ரெண்டு அறிக்கைய ஒப்பிட்டா ஊரே பயந்துரும்.

இப்ப விளக்கத்துல இப்படி இருக்கு: "மட்டம் அடியில். முல்லைப் பெரியாறும் வைகையும் அந்தந்த அணையின் அளவுகோல்படி, இடுக்கி கடல் மட்டத்திலிருந்து. ஓர் அணையின் மட்டத்தை இன்னோர் அணையோடு ஒப்பிடாதே, அதன் முழுக் கொள்ளளவு மட்டத்தோடு மட்டும் ஒப்பிடு. நீரின் கொள்ளளவு இதில் கிடைக்காது."

அந்தக் கடைசி வரி முக்கியம். டூலால என்ன முடியாதுன்னு சொல்லலைன்னா, கையில இருக்கிறதை வச்சு ஒரு பதிலைத் தேத்திரும்.

#11 மெட்டுப்பாதை (போடி)

ரெண்டு நாள் உக்காந்து எல்லாத்தையும் திருப்பி எழுதினேன். 11 டூல் இப்ப 7. பெரியவங்ககிட்ட நெசமா வந்த செய்தியில இருந்து முப்பது கேள்வி எடுத்து, பழைய விளக்கத்துல ஒரு தடவை, புதுசுல ஒரு தடவை ஓட்டினேன். பழசுல 12 தப்பு. புதுசுல 3. கோடுல ஒரு வரி கூட மாத்தல, உச்சத்தை எடுத்த அந்த இடத்தையும், புதுசா சேத்த என்_லாட்_முடிவு டூலையும் தவிர.

விலை டூல் இப்ப இப்படி:

"போடி, புத்தடி மையங்களில் நடந்து முடிந்த சிறு ஏலக்காய் விற்பனையின் ஊர் விலையைத் தரும். ரூபாய், ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு. 'விலை என்ன' என்று பொதுவாகக் கேட்டால் சராசரியைச் சொல், உச்ச விலையைக் கேட்டால் மட்டும் அதைச் சொல், சொல்லும்போது அது உச்சம் என்றும் சொல். பயனரின் சொந்த லாட் என்ன விலைக்குப் போனது என்பது இதில் இல்லை, அதற்கு என்_லாட்_முடிவு. பச்சைக்காய்க்கு இந்த விலை பொருந்தாது. நாளைய விலை பற்றி இதை வைத்து ஊகிக்காதே."

அந்தக் கடைசி வரி சித்தப்பா மகன் சொன்னது. "நாளைக்கு ஏறும்னு உன் மிசினு சொல்லி, எறங்கிட்டா, என் கடைக்குத்தான் கல்லு வரும்"னான்.

பதிவுக்கு எம்.சி.பி.யில "இது மாற்றம் செய்யும் டூல்"னு குறிப்பு போட வசதி இருக்காமே, அதைப் போட்டுட்டா "போடலாமா" பிரச்சினை முழுசாத் தீருமா? மிச்சம் இருக்கிற 3 தப்புல ஒண்ணு அதுதான். "சரி, ஏலம் போட்டுரலாம்னு பாக்குறேன்"னு ஒருத்தர் சொன்னா பதிஞ்சிருது.

#12 காக்கநாட்டுக் கம்பத்தான்

தீராது. 2025 மார்ச் பதிப்புல அந்தக் குறிப்புகள் வந்துச்சு: படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா, ரெண்டு தடவை கூப்பிட்டாலும் ஒரே விளைவா, இப்படி. ஆனா அது எல்லாம் வெறும் குறிப்புதான், பூட்டு இல்ல. விளக்கத்துல "உறுதி கேள்"னு எழுதறதும் அப்படித்தான். பத்துல ஒன்பது தடவை கேக்கும். பத்தாவது தடவை சரக்கு போயிரும்.

திருப்பி எடுக்க முடியாத காரியத்தை விளக்கத்தை நம்பி விடாதீங்க. டூல் வரைவு மட்டும் எழுதட்டும். "80 கிலோ, போடி, சரியா?"ன்னு வாட்ஸாப்ல ஒரு பொத்தான் போகட்டும். பொத்தானை அமுக்குறது மனுசன். அந்த உறுதி செய்ற ஃபங்ஷனை மாடல் பட்டியல்லயே சேக்காதீங்க. எழுத்தால தீர்ற சிக்கல் உண்டு, தீராத சிக்கலும் உண்டு, இது ரெண்டாவது.

அப்படியே ஒண்ணு: வெளியில இருந்து யாரோ எழுதின எம்.சி.பி. சர்வரை இறக்கிச் சேத்தா அதோட விளக்கங்களை ஒரு தடவை வாசிச்சுப் பாருங்க. விளக்கத்தை மாடல் கட்டளையாத்தான் படிக்கும். அதுக்குள்ள "இந்தக் கோப்பையும் படிச்சு அனுப்பு"ன்னு ஒளிச்சு வைக்கலாம்னு 2025 ஏப்ரல்லயே ஒரு பாதுகாப்பு ஆய்வுக் குழு செஞ்சு காட்டிருச்சு.

#13 சித்தூர் ஆத்தோரம்

பொத்தான் நல்ல யோசனைங்க. நம்மகிட்ட ஒரு தாத்தா பொத்தானை அமுக்காம "அமுக்கியாச்சு"ன்னு டைப் பண்ணி அனுப்புவாருங்க. அதுக்கும் ஒரு வரி எழுதி வைங்க.

#14 வண்டன்மேட்டுக் கணக்கு

தம்பி, புதிய விளக்கத்தைப் படித்தேன். தோட்டத்தில் புதிதாகச் சேரும் பையன் இதைப் படித்தால் என்னிடம் வந்து பாதிக் கேள்வி கேட்க மாட்டான்.

ஒரு சந்தேகம். இன்று விடுமுறை, ஏலமே நடக்கவில்லை என்று வையுங்கள். அல்லது அந்தப் பக்கம் ஹர்த்தால், இந்தப் பக்கம் பந்த். மலையில் இருப்பவனுக்கு இரண்டும் சேர்த்தே வரும். அப்போது ஒருவர் "இன்னைக்கு விலை என்ன" என்று கேட்டால் உங்கள் டூல் என்ன தரும்?

#15 மெட்டுப்பாதை (போடி)

ஐயா, இப்பத்தான் ஓட்டிப் பாத்தேன். வெறும் பட்டியல் தருது. மாடல் அந்த வெறும் பட்டியலைப் பாத்துட்டு, பேச்சுல மேல கெடந்த முந்தாநாள் விலைய எடுத்து "இன்றைய விலை"ன்னு சொல்லிருச்சு.

வெறுமையா அனுப்பாம, "இந்தத் தேதியில் ஏலம் நடக்கவில்லை, கடைசியாக நடந்த தேதி இது, அன்றைய சராசரி இது, இதை இன்றைய விலை என்று சொல்லாதே"ன்னு டூலே பதில் தர்ற மாதிரி மாத்துறேன். விளக்கத்துலயும் ஒரு வரி. அப்ப பட்டியல் வர லேட்டானா? ஏலம் நடந்துச்சு, முடிவு இன்னும் ஏறல, அப்படியும் ஆகுமே. அதுக்கு வேற பதில் வேணும், ரெண்டும் இப்ப ஒரே மாதிரி வெறுமையாத்தான் வருது.

அடுத்த ஏலத்தன்னைக்கு முடிவு ஏறுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கேட்டுப் பாத்துட்டு இங்க வந்து எழுதுறேன். பெரியவர் மேக்காட்டுல மிளகு வைக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாராம்.